22 சீட்டுகள், 20 வருஷம், ஒரு தோட்டம்

மலர்க் குழுவிலிருந்து கட்டுரை கேட்டதும், அணையோ பாலமோ கட்டிய பெரிய இஞ்சினியர் ஒருவரின் வாழ்க்கையை எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். விஸ்வேஸ்வரய்யாவைப் பற்றி எழுதாத மலர் இருக்கிறதா, சொல்லுங்கள்! அதனால் இந்தத் தடவை இஞ்சினியரே அல்லாத ஒருவர். ஆனால் கம்பி, சிமென்ட், ஓடு, கண்ணாடி ஆகியவற்றை வைத்து அவர் செய்து காட்டிய காரியத்தைப் பார்த்தால் நம் சிவில் டிபார்ட்மென்ட் மொத்தமும் வாய் பிளக்கும். பெயர் நிகி த ஸேன் ஃபால். பிரான்ஸில் பிறந்து, அமெரிக்காவில் வளர்ந்து, இத்தாலியில் ஒரு குன்றின் மேல் தன் வாழ்நாளின் பெரும் படைப்பைக் கட்டி முடித்தவர். ஆர்ட் ஸ்கூல் வாசலைக்கூட மிதித்தவர் அல்ல.

முதலில் இடம். ரோம் நகரிலிருந்து வடமேற்கே நூறு கிலோமீட்டருக்கு மேல் போனால், டஸ்கனி மாநிலத்தின் தெற்கு ஓரத்தில் கப்பால்பியோ என்று ஒரு சிற்றூர். அதன் அருகே கராவிக்கியோ என்ற இடத்தில் ஒரு பழைய கல்குவாரி. ஆலிவ் மரங்களுக்கு நடுவே அங்கே திடீரென்று நீல நிறத்தில் ஒரு பிரம்மாண்டமான தலை, வாயைப் பிளந்துகொண்டு தெரியும். வாயிலிருந்து படிகள், படிகள் வழியாகத் தண்ணீர் இறங்கிக் கீழே குளத்தில் விழுகிறது. அந்தத் தலைக்கு மேலே இன்னொரு தலை, முழுக்கக் கண்ணாடித் துண்டுகள் பதித்தது. வெயில் பட்டால் கண் கூசும். கீழே இருப்பவள் தலைமைப் பூசாரிணி. மேலே இருப்பவன் மந்திரவாதி. இரண்டும் டாரட் சீட்டுகளின் பெயர்கள்.

டாரட் என்றால் என்ன என்று ஜூனியர்கள் சிலர் கேட்கலாம். நம் ஊர் கிளி ஜோசியக்காரர் முன்னால் அடுக்கி வைத்திருக்கும் சீட்டுகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பியர்களுக்கு அந்த மாதிரி ஒரு கட்டு, கிளி மட்டும் கிடையாது. மொத்தம் 78 சீட்டுகள். 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் வெறும் விளையாட்டுச் சீட்டாகத்தான் ஆரம்பித்தது. 18ஆம் நூற்றாண்டில் பிரான்ஸில் சிலர் இதில் பழைய எகிப்தின் ரகசியம் ஒளிந்திருக்கிறது என்று கிளப்பிவிட, அன்றுமுதல் அது குறி சொல்லும் சீட்டாகிவிட்டது. அதில் 22 சீட்டுகள் முக்கியமானவை. அசடன், மந்திரவாதி, பூசாரிணி, சக்ரவர்த்தினி, சக்ரவர்த்தி, நீதி, துறவி, அதிர்ஷ்டச் சக்கரம், பலம், தூக்கில் தொங்குபவன், மரணம், பிசாசு, கோபுரம், நட்சத்திரம், நிலா, சூரியன் என்று போகும். மனிதன் வாழ்க்கையில் என்னென்ன படியேறி இறங்குவான் என்பதையெல்லாம் 22 படத்தில் அடக்கிவிட்டார்கள் என்று நம்புகிறவர்கள் உண்டு. நிகி அப்படி நம்பியவர். எனக்கு ஜாதகத்திலேயே நம்பிக்கை இல்லை. சீட்டில் எங்கே வரப்போகிறது? ஆனால் ஒருவர் ஒரு நம்பிக்கையை வைத்துக்கொண்டு என்ன கட்டினார் என்பது வேறு விஷயம். கோயில் கோபுரத்தைப் பார்த்து வியக்கிற நாத்திகர்கள் எத்தனையோ பேர் இல்லையா?

நிகி பிறந்தது 1930 அக்டோபர் 29, பாரிஸை ஒட்டிய நெய்யி என்ற இடத்தில். அப்பா பிரபுக் குடும்பத்துப் பிரெஞ்சுக்காரர், பாங்க் தொழில். அம்மா அமெரிக்கர். 1929ல் பங்குச் சந்தை சரிந்தபோது குடும்பத்தின் பாங்க்கும் கவிழ்ந்தது. குழந்தை சில வருஷம் தாத்தா பாட்டியிடம் பிரெஞ்சு கிராமத்தில் வளர்ந்து, பிறகு நியூயார்க்கில் பெற்றோரிடம் போய்ச் சேர்ந்தது. வெளியே பார்த்தால் பெரிய இடத்துப் பெண். உள்ளே நடந்தது வேறு. 11 வயதில் பெற்ற தகப்பனாலேயே பாலியல் கொடுமைக்கு ஆளானார். அதை வெளியில் சொல்ல அவருக்கு ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 1994ல் தன் மகளுக்கு எழுதும் கடிதமாக ஒரு சிறு புத்தகம் போட்டார். இந்த மலரில் இதை எழுத வேண்டுமா என்று யோசித்தேன். அவரே மறைக்க விரும்பாததை நான் மறைப்பது சரியில்லை என்று தோன்றியது. தவிர, இதை விட்டுவிட்டால் பின்னால் வரும் துப்பாக்கி விவகாரம் புரியாது.

பள்ளியில் அடங்காத பிள்ளை. பள்ளி வளாகத்துச் சிலைகளின் இடுப்பில் இருந்த கல் இலைகளுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்துவிட்டார் என்று ஒரு பள்ளி வெளியேற்றியது. 18 வயதில் ஹாரி மாத்யூஸ் என்ற வாலிபருடன் வீட்டுக்குத் தெரியாமல் கல்யாணம். அதே காலத்தில் மாடலிங். 1949ல் லைஃப் பத்திரிகையின் அட்டையில் வந்த முகம் அவருடையது. 1951ல் ஒரு மகள், 1955ல் ஒரு மகன். இடையில் 1953ல் மனம் முறிந்து நீஸ் நகர ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஷாக் ட்ரீட்மென்ட் கொடுத்தார்கள். அங்கே பொழுது போகாமல் தாளும் வண்ணமும் எடுத்தவர்தான், பிறகு கீழே வைக்கவே இல்லை.

1955ல் பார்சிலோனா போனார். அங்கே கௌதி கட்டிய குயெல் பூங்காவைப் பார்த்தார். உடைந்த ஓட்டுத் துண்டுகளைப் பதித்து வளைந்து நெளிந்து போகும் அந்த நீண்ட இருக்கையைப் படத்திலாவது நீங்கள் பார்த்திருப்பீர்கள். நானும் ஒரு நாள் இப்படி ஒரு தோட்டம் கட்டுவேன் என்று அவர் தீர்மானித்தது அங்கேதான். பிரான்ஸில் ஷெவால் என்ற தபால்காரர் தெருக்கல்லைப் பொறுக்கி 33 வருஷம் தனியாளாகக் கட்டிய மாளிகையையும், இத்தாலியில் போமார்ட்ஸோ என்ற ஊரில் 16ஆம் நூற்றாண்டுப் பூதங்கள் நிற்கும் தோட்டத்தையும் பார்த்தது அந்தத் தீர்மானத்துக்கு இன்னும் உரம் போட்டது. 25 வயதில் முடிவு செய்தது, அஸ்திவாரம் போட 48 வயது ஆயிற்று. நடுவில் என்ன செய்தார்?

சுட்டார். நிஜமாகவே சுட்டார். 1961 பிப்ரவரியில் பாரிஸில் ஒரு சந்துக்குள் முதல் தடவை. பலகையில் பொம்மை, கத்தி, தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் ஒட்டி, நடுவே பெயின்ட் நிரப்பிய பைகளை ஒளித்து வைத்து, எல்லாவற்றையும் வெள்ளைச் சாந்தால் மூடிவிடுவார். பிறகு தூர நின்று ரைஃபிளால் சுட, வெள்ளைச் சுவரிலிருந்து சிவப்பும் நீலமுமாக ரத்தம் மாதிரி வழியும். ஊரே கூடிப் பார்த்தது. மூக்கைச் சிந்திக்கொண்டு உட்காராமல் கோபத்தை இப்படிச் சுட்டுத் தீர்த்தாரே என்று சிலர் பாராட்டினார்கள். விளம்பர ஸ்டன்ட் என்று சிலர் திட்டினார்கள். இரண்டு வருஷத்தில் அவரே நிறுத்திவிட்டார். சுடுவது ஒரு போதையாகி வருகிறது என்று அவருக்கே தெரிந்துவிட்டது.

அப்போது கூட இருந்தவர் ழான் டேங்லி. சுவிட்சர்லாந்துக்காரர். பழைய இரும்பு, மோட்டார், சக்கரம் எல்லாவற்றையும் சேர்த்து ஆடிக் குலுங்கி ஓசை எழுப்பும் மெஷின்களைச் செய்த சிற்பி. மெக்கானிக்கல் நண்பர்கள் கட்டாயம் தேடிப் பார்க்க வேண்டிய ஆள். 1960ல் நிகி கணவரைப் பிரிந்து டேங்லியுடன் வாழ வந்தார். மகளும் மகனும் அப்பாவிடம் இருந்தார்கள். மகளுக்கு 9 வயது, மகனுக்கு 5. இதற்காக அவரைக் குறை சொன்னவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. வேலைக்காகக் குழந்தைகளைப் பிரிந்துபோன ஆண் கலைஞர்களை நாம் இவ்வளவு குடைந்து கேட்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு அது லேசான காரியமாக இருந்திருக்காது.

1965லிருந்து நானா என்று பெயர் வைத்து குண்டு குண்டாக, பளீர் நிறத்தில், கைகால் வீசி ஆடும் பெண் உருவங்களைச் செய்ய ஆரம்பித்தார். உலகம் அவரை அதை வைத்துத்தான் அடையாளம் கண்டது. 1966ல் ஸ்டாக்ஹோம் நவீனக் கலை மியூசியத்தில் ஹோன் என்ற படுத்த நிலைப் பெண். நீளம் 25 மீட்டருக்கு மேல். பார்வையாளர்கள் அவள் உடம்புக்குள் நுழைந்து சுற்றி வரலாம், உள்ளே சின்ன சினிமாக் கொட்டகையும் பால் கடையும் இருந்தன! மூன்று மாதம் காட்டிவிட்டுப் பிரித்துப் போட்டுவிட்டார்கள். சிற்பத்துக்குள் மனிதர்கள் போய்வர முடியும் என்ற பாடம் மட்டும் நிகியிடம் தங்கிவிட்டது. 1972ல் ஜெருசலேமில் கோலெம் என்ற பூதம் கட்டினார். மூன்று நாக்குகளைத் தொங்கவிட்டிருக்கும். மூன்றும் குழந்தைகளுக்குச் சறுக்கு மரம்.

இங்கே ஒரு விஷயம் நாம் கவனிக்க வேண்டியது. இந்த உருவங்களில் பலவற்றை அவர் தெர்மோகோலை வெட்டி, அதன் மேல் பாலியெஸ்டர் ரெசின் பூசிச் செய்தார். சூடான கம்பியால் தெர்மோகோலை அறுக்கும் புகை, ரெசின் ஆவி, அரைக்கும்போது பறக்கும் கண்ணாடி இழைத் தூசு. மாஸ்க் என்பதெல்லாம் அன்றைக்கு யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத காலம். 1974ல் நுரையீரலில் சீழ் கட்டி ஆஸ்பத்திரியில் விழுந்தார். பிழைத்ததே பெரிது. உடம்பு தேற சுவிட்சர்லாந்தில் செயின்ட் மோரிட்ஸ் மலைக்குப் போனார். ஃபேப்ரிகேஷன் ஷாப்பில் வேலை பார்க்கும் நம் ஜூனியர்கள் இந்தப் பாராவை இரண்டு தடவை படிக்கட்டும்.

மலையில்தான் விதி திரும்பியது (சீட்டு நம்புகிறவர்கள் பத்தாம் நம்பர், அதிர்ஷ்டச் சக்கரம் என்பார்கள்). பழைய நியூயார்க் சிநேகிதி மரெல்லா அன்யெல்லியை அங்கே சந்தித்தார். ஃபியட் கார் கம்பெனியின் ஜான்னி அன்யெல்லியின் மனைவி. சிற்பத் தோட்டக் கனவைச் சொன்னதும், மரெல்லாவின் சகோதரர்களான கராச்சியோலோக்கள் கராவிக்கியோவில் தங்கள் நிலத்தில் ஒரு பகுதியைக் கொடுத்தார்கள். நிலம் கிடைத்தது. பணம்? அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் வேலை.

1978ல் இடத்தைத் திட்டமிட்டு, 1979ல் அஸ்திவாரம் தொடங்கினார்கள். நாமாக இருந்தால் டிராயிங் போட்டு, டிசைன் போட்டு, எஸ்டிமேட் போட்டு, அப்புறம்தான் மண்வெட்டியைத் தொடுவோம். அங்கே இருந்தது கைக்கடக்கமான களிமண் மாடல். டேங்லியும் அவருடைய ஆட்களும் அந்தப் பொம்மையைப் பார்த்துப் பார்த்துக் கண்ணளவிலேயே பெரிதாக்கி, இரும்புக் கம்பியை வளைத்து வெல்டிங் செய்து எலும்புக்கூட்டை நிறுத்தினார்கள். மூக்கு, கன்னம், மார்பு, நகம் எல்லாம் கம்பி. நம் சைட்டில் ஸ்டிரப் வளைக்கவே பார் பெண்டரோடு மல்லுக்கு நிற்கிறோம்; இரட்டை வளைவுள்ள கன்னத்துக்குக் கம்பி வளைப்பதை யோசித்துப் பாருங்கள். அந்தக் கூட்டின் மேல் கம்பி வலை போர்த்தி, அதன் மேல் சிமென்ட்டைப் பீச்சியடித்தார்கள். நம் பாஷையில் குனைட்டிங். ஓடு மாதிரியான வளைந்த மேற்பரப்பு என்பதால் பலம் தானாகவே வந்துவிடுகிறது. முட்டை ஓட்டின் கதைதான். பெரிய உருவங்கள் 15 மீட்டர் உயரம் வரை போயின. இத்தனை வருஷம் கழித்தும் நிற்கின்றன.

எனக்கு மிகவும் பிடித்தது ஓடு பதித்த விதம். சாதாரணமாக சதுர ஓட்டை வாங்கி உடைத்து ஒட்டிவிடலாம், கௌதி செய்த மாதிரி. நிகிக்கு அது போதவில்லை. ஈரக் களிமண்ணைச் சிற்பத்தின் மேலேயே அப்பி, அந்த வளைவுக்கு ஏற்ற மாதிரி வடிவம் எடுத்து, ஒவ்வொரு துண்டுக்கும் நம்பர் போட்டுக் கழற்றி, சூளையில் சுட்டு, வண்ணம் ஏற்றி மறுபடி சுட்டு, திரும்பக் கொண்டுவந்து அதே இடத்தில் ஒட்டினார்கள். களிமண் சுட்டால் சுருங்கும் என்பது நமக்குத் தெரியும். பத்தில் ஒரு பங்கு வரை சுருங்கியது. ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே இடைவெளி விழுந்தது. அந்த இடைவெளியில் கையாலேயே வெட்டிய கண்ணாடிச் சில்லைப் பதித்தார்கள். மெட்டீரியலின் குறையே டிசைனாகிவிட்டது. இப்படி ஒரு ஷ்ரிங்கேஜ் அலவன்ஸை எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

வேலை செய்தவர்கள் யார்? டேங்லியின் சுவிஸ் ஆட்களைத் தவிர, பெரும்பாலும் அக்கம்பக்கத்துக் கிராமத்து ஆட்கள். உகோ செல்லெட்டி என்று ஒரு உள்ளூர்த் தபால்காரர் பாதைக்குக் கல் போட வந்தார்; பிறகு கண்ணாடி பதிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்றாகிவிட்டது. டொனினோ எலக்ட்ரீஷியனாக வந்தவர், கடைசியில் மொத்தக் குழுவுக்கும் மேஸ்திரி மாதிரி ஆனார். ஓட்டு வேலைக்கு வெனேரா ஃபினோக்கியாரோ என்ற பெண்மணி ரோமிலிருந்து வந்தார். வயலில் வேலை பார்த்த கிராமத்து ஆண்களுக்கு, ஒரு வெளியூர்ப் பெண்மணி முதலாளியாக நின்று இந்தப் பூதத்துக்கு இப்படி மூக்கு வை என்று சொன்னால் எப்படி இருந்திருக்கும்! ஆரம்பத்தில் முணுமுணுப்பு இருந்தது. போகப் போக அவர்களே இந்தத் தோட்டத்தைத் தங்கள் சொத்தாக நினைக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

இப்போது பணம். அரசாங்கத்திடமோ கம்பெனிகளிடமோ கை நீட்டினால் நாளைக்கு அதை மாற்று இதை மாற்று என்பார்கள் என்று அவருக்குப் பயம். அதனால் சொந்தப் பணம். 1982ல் தன் பெயரில் ஒரு சென்ட் கொண்டுவந்தார். புட்டி மூடியின் மேல் இரண்டு பாம்புகள் பின்னிக்கொண்டிருக்கும். அதில் வந்த வருமானம் தோட்டச் செலவில் மூன்றில் ஒரு பங்கைத் தாங்கியது. மீதிக்கு நாற்காலி, விளக்கு, சின்னச் சிற்பங்கள் என்று விற்றுக்கொண்டே இருந்தார். இதற்கு நடுவே 1983ல் பாரிஸில் ஸ்ட்ராவின்ஸ்கி நீரூற்றை டேங்லியுடன் சேர்ந்து செய்து முடித்தார். கறுப்பு மெஷின்கள் அவருடையவை, பளீர் நிற உருவங்கள் நிகியுடையவை.

தோட்டத்திலேயே பெரிய உருவங்களில் ஒன்று மூன்றாம் நம்பர் சக்ரவர்த்தினி. ஸ்ஃபிங்க்ஸ் மாதிரி உட்கார்ந்திருக்கும் பெண். நிகி பல வருஷம் குடியிருந்தது அவள் வயிற்றுக்குள்தான். நிஜமாகத்தான் சொல்கிறேன். ஒரு மார்புக்குள் படுக்கையறை, மற்றதற்குள் சமையலறை, குளியலறை உண்டு, உள்சுவர் மொத்தமும் கண்ணாடிச் சில்லு. மேஸ்திரிகளுடன் டீயும் மீட்டிங்கும் அங்கேதான். படத்தில் பார்க்க அற்புதமாக இருக்கும். குடியிருக்க? ஜன்னல் என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றும் கிடையாது. 80களின் தொடக்கத்தில் ருமட்டாய்ட் மூட்டுவாதம் அவரைப் பிடித்தது. விரல்கள் மடங்கின, நடப்பதே பாடாயிற்று. மூச்சுத் தொல்லை ஒரு பக்கம். இந்த நிலையில் சைட்டை விட்டு அகலாமல் இருந்தார். பிடிவாதமா தவமா, நீங்களே ஒரு பெயர் வைத்துக்கொள்ளுங்கள்.

அவருக்கு வலதுகையாக இருந்தவர் ரிகார்டோ மெனோன் என்ற இளைஞர். சுமார் பத்து வருஷம் எல்லாம் அவர்தான். வெனேராவை அழைத்துவந்ததும் அவரே. 1989ல் எய்ட்ஸ் நோயில் இறந்தார். எய்ட்ஸ் என்ற பெயரைச் சொன்னாலே ஜனங்கள் நாலடி தள்ளி நின்ற காலம் அது. 1986லேயே நிகி, பரண்டூன் என்ற டாக்டருடன் சேர்ந்து, கை குலுக்கினால் இந்த நோய் ஒட்டாது என்று இளைஞர்களுக்குப் படம் போட்டு விளக்கும் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். மெனோனின் கல்லறைக்குக் கண்ணாடியும் ஓடும் பதித்த ஒரு பெரிய பூனையைச் செய்து வைத்தார். பாரிஸில் மோன்பர்னாஸ் இடுகாட்டில் இருக்கிறது.

இரண்டு வருஷத்தில், 1991 ஆகஸ்டில், டேங்லியும் போய்விட்டார். 1971ல் இருவரும் சட்டப்படி கல்யாணம் செய்துகொண்டவர்கள். பிறகு தனித்தனியாக வாழ்ந்தாலும் வேலையில் பிரியவில்லை. பூசாரிணியின் கீழே குளத்தில் தண்ணீர் பீச்சிச் சுழலும் அதிர்ஷ்டச் சக்கரம் அவர் செய்த மெஷின். இடிந்து சாய்ந்த கோபுரத்தின் உச்சியில் மின்னலாகத் தாக்கும் இரும்புக் குவியலும் அவர் கைவேலை. கறுப்பு வெள்ளையில் உட்கார்ந்திருக்கும் நீதி தேவதையின் வயிற்றுக்குள், கம்பிக் கதவு போட்டுப் பூட்டிய அறையில், அநீதி என்று ஒரு டேங்லி மெஷின் அடைபட்டுக் கிடக்கிறது. சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்கத் தோன்றும்.

டேங்லி போன பிறகு தோட்டத்தை மூடிவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. மிச்ச சீட்டுகளை முடித்தார். பாதைகளின் ஈர சிமென்ட்டில் கையாலேயே எழுத்தும் படமும் கீறினார். 1994ல் டாக்டர்கள் சொன்னபடி நுரையீரலுக்கு ஒத்துவரும் காற்றைத் தேடிக் கலிஃபோர்னியா போய்விட்டாலும், மனசு இங்கேதான். நுழைவாயிலை சுவிஸ் ஆர்க்கிடெக்ட் மரியோ போட்டா வடிவமைத்தார். டேங்லியின் படைப்புகளுக்காக பாஸல் நகரில் 1996ல் திறந்த மியூசியத்தைக் கட்டியவரும் அவரே. கனமான கல் சுவர், நடுவில் வட்டமாக ஒரு துளை. இந்தப் பக்கம் சாதாரண உலகம், அந்தப் பக்கம் சீட்டு உலகம். 1998 மே 15ஆம் தேதி தோட்டம் ஜனங்களுக்குத் திறந்தது. அஸ்திவாரம் தோண்டி ஏறக்குறைய இருபது வருஷம்.

அதற்கப்புறமும் சும்மா இருக்கவில்லை. 2000ல் ஜப்பானின் பிரீமியம் இம்பீரியல் விருது வந்தது. அதே வருஷம் முந்நூறுக்கும் மேற்பட்ட தன் படைப்புகளை ஜெர்மனியில் ஹானோவர் நகர மியூசியத்துக்கு அப்படியே கொடுத்துவிட்டார். அந்த ஊர்த் தோட்டத்தின் பழைய குகை ஒன்றுக்கும், கலிஃபோர்னியாவில் எஸ்கோண்டிடோ என்ற ஊரில் ராணி கலிஃபியா பெயரில் ஒரு சிற்ப வட்டத்துக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. இரண்டும் 2003ல் திறந்தன. பார்க்க அவர் இல்லை. 2002 மே 21 அன்று கலிஃபோர்னியாவில் மூச்சு நின்றுபோனது. வயது 71. 1974ல் தொடங்கிய நுரையீரல் வியாதிதான் கடைசியில் கொண்டுபோயிற்று.

கராவிக்கியோவில் அவர் யோசித்து வைத்திருந்த சில வேலைகள் கட்டப்படவே இல்லை. தனக்குப் பிறகு யாரும் அங்கே புதிதாக எதையும் சேர்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதனால் வெல்டிங் ஸெட்டும் குனைட்டிங் மெஷினும் அங்கிருந்து கிளம்பிவிட்டன. மிச்சமிருப்பது பராமரிப்பு வேலை: உதிர்ந்த கண்ணாடிச் சில்லை எடுத்துவிட்டு, அதே அளவில் இன்னொன்றைக் கையால் வெட்டிப் பதிப்பது.